'அழாதே' என்று சொல்லாமல்: ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் உணர்வைக் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதிய உணவு முடிந்த அடுத்த இருபது நிமிடம்தான் தொடக்கப் பள்ளியில் மிகக் கடினமான நேரம். குழாயடியில் யாரோ யாரையோ தள்ளிவிட்டிருப்பார்கள். ஒருத்தியின் பென்சில் இன்னொருவன் பையில் கிடக்கும். "டீச்சர், இவன் என்னைக் கறுப்பி என்கிறான்" என்று ஒரு புகார் வரும். நாம் என்ன செய்கிறோம்? "சரி சரி, அழாதே. நீ ஸாரி சொல். இரண்டு பேரும் போய் உட்காருங்கள்." அரை நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடும். பல ஆண்டுகள் நானும் இப்படித்தான் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தேன். வழக்கு முடிந்ததே தவிர சண்டை முடிந்ததில்லை. மறுநாளும் அதே இருவர், அதே குழாயடி.

பி.எட். படித்தவர்களுக்கு 'மனவெழுச்சி நுண்ணறிவு' என்ற தலைப்பு நினைவிருக்கும். பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விளக்கம் தந்தார்கள். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கண்டுகொள்வது, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது, அந்த அறிவைக்கொண்டு யோசிப்பது, நடந்துகொள்வது. ஐந்து மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்தோம், மறந்தோம். ஆறு வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும் அறையில் இதை எப்படிச் செய்வது என்று அந்தப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை.

எனக்கு வழி காட்டியது வேறொரு பழைய சரக்கு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணங்கள். அது செய்யுளுக்காக எழுதப்பட்ட இலக்கணம்தான், ஒன்றாம் வகுப்புக்காக எழுதியதில்லை. ஆனால் 'மெய்ப்பாடு' என்ற சொல்லைப் பாருங்கள். உள்ளே இருப்பது மெய்யில், அதாவது உடம்பில், வெளிப்படுவது. நம் மொழி உணர்வை உடம்பில் வைத்தே பேசுகிறது. வயிறு எரிகிறது, தொண்டை அடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிள்ளைகளிடமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முதலில் உடம்பு, அடுத்து சொல், அதற்குப் பிறகுதான் நடத்தை. நாம் நேராக மூன்றாவதற்குத் தாவுவதால்தான் ஒன்றும் ஒட்டுவதில்லை.

இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் நர்சரி முதல் 8ஆம் வகுப்பு வரை மகிழ்ச்சிப் பாடத்திட்டம் என்று தினமும் ஒரு வகுப்பே ஒதுக்கினார்கள். நமக்கு அப்படி ஒதுக்க யாரும் இல்லை. காலையில் ஐந்து நிமிடம், சண்டை வரும்போது ஐந்து நிமிடம், கதை சொல்லும் நேரம், இவை போதும்.

முதல் படி: இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு. நான்கு பத்திகள்: நேரம், இடம், யார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. ஒவ்வொரு அழுகைக்கும் சண்டைக்கும் ஒரு வரி. மாலையில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும், அன்றன்றைக்கு அங்கேயே எழுதிவிடுங்கள்.

என் நோட்டில் பாதிக்கு மேல் குழாயடியிலேயே நடந்திருந்தது. இரண்டு குழாய்களில் ஒன்று வேலை செய்யவில்லை. மூன்று வரிசையாகப் பிரித்து முறை வைத்து அனுப்பிய வாரத்திலேயே சண்டை குறைந்தது. அது உணர்வுப் பாடமே இல்லை, பிளம்பர் வேலை. பிள்ளைகளின் 'கோபம்' என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி இட நெருக்கடி, பசி, தூக்கம். அதை முதலில் களைந்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் அழுகைகளைத் தொல்காப்பியத்தின் நான்கு காரணங்களில் போட்டுப் பாருங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. 'கறுப்பி' என்று இகழப்பட்ட பிள்ளை இளிவால் அழுகிறது. ரப்பரைத் தொலைத்தவன் இழவால். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்து இன்று பின்வரிசைக்கு மாற்றப்பட்டவள், இருந்த நிலையிலிருந்து தாழ்ந்த அசைவால். எல்லோரும் கலர் பென்சில் எடுக்கும்போது பையைத் திறக்காமலே உட்கார்ந்திருப்பவன் வறுமையால். இந்த நான்குக்கும் ஒரே 'அழாதே' எப்படி மருந்தாகும்?

இரண்டாம் படி: முதலில் நம் குரல்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மேசைமேல் பிரம்பை வைத்துக்கொண்டு 'உனக்கு என்ன தோன்றுகிறது, சொல்' என்று கேட்டால் எந்தப் பிள்ளை சொல்லும்?

செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் எரிச்சலை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். "மூன்று தடவை சொல்லிவிட்டேன், எனக்கு இப்போது எரிச்சலாக இருக்கிறது. தாடை இறுகுகிறது. கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பத்து வரை எண்ணப்போகிறேன்." சொன்னபடியே திரும்பி எண்ணுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள். நான்காம் நாள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், நீங்கள் எண்ணப் போங்கள்." அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளை உங்கள் முகத்தைப் படித்துவிட்டது.

மூன்றாம் படி: தரையில் ஓர் உடம்பு

ஒரு பிள்ளையைத் தரையில் படுக்கவைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். எழுந்ததும் ஓர் ஆள் வடிவம் கிடைக்கும். "கோபம் வரும்போது இதில் எங்கே வருகிறது? போய் நின்று காட்டு." ஒவ்வொருவராகப் போய் நிற்பார்கள். கை, முகம், பல் என்பார்கள். ஒருத்தி காதில் போய் நின்று, "எனக்குக் காது சுடும்" என்றாள். அது வரை அவள் எதற்காக இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியாது. சத்தம் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாளில் ஒரே உணர்வு. பயம், சந்தோஷம், வெட்கம் என்று இரண்டு வாரம் ஓட்டலாம். சரி, தவறு என்று எதையும் திருத்த வேண்டாம். பயம் முழங்காலில் வருகிறது என்றால் முழங்காலில்தான் வருகிறது.

நான்காம் படி: சொல்

இதற்குத்தான் அதிக நாள் வேண்டும், அவசரப்படாதீர்கள்.

வகுப்பில் கேட்டுப் பாருங்கள். சந்தோஷம், சோகம், கோபம், பயம் என்ற நான்கோடு சரக்கு தீர்ந்துவிடும். மீதியெல்லாம் 'ஒரு மாதிரி இருக்கிறது'. வாரத்துக்கு ஒரு சொல் வீதம் சேருங்கள். கோபத்துக்குள்ளேயே எத்தனை வகை! எரிச்சல் சின்னது, ஆத்திரம் கண்ணை மறைப்பது, ரோஷம் மானத்தில் அடிபட்டதால் வருவது. சோகத்துக்குப் பக்கத்தில் ஏமாற்றம், ஏக்கம், தவிப்பு. பயத்துக்குப் பக்கத்தில் பதற்றம், கூச்சம், தயக்கம். கூச்சத்தையும் பயத்தையும் பிரித்துக் காட்டினால் மேடை ஏறாத பிள்ளையை நாமே வேறு கண்ணால் பார்ப்போம்.

சொல்லை அகராதிப் பொருளாகச் சொல்லாதீர்கள், ஒரு சம்பவமாகச் சொல்லுங்கள். ஏமாற்றத்துக்கு: "ஐஸ் வண்டி மணி கேட்டு ஓடுகிறாய். போய்ச் சேர்வதற்குள் வண்டி திரும்பிவிட்டது." ஏக்கத்துக்கு: "ஊருக்குப் போன பாட்டி எப்போது வருவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது."

இந்த ஏக்கம் என்ற சொல்லை நான் மறக்க முடியாது. என் இரண்டாம் வகுப்பில் ஒருவன் திங்கள்கிழமைதோறும் பக்கத்தில் இருப்பவன் சிலேட்டை அழித்துவிடுவான். மற்ற நாட்களில் சாது. எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அந்த வாரச் சொல்லாக ஏக்கம் வந்து, பாட்டி கதையும் சொல்லி ஒரு மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, யாருக்கும் கேட்காமல், "டீச்சர், எனக்கு ஏக்கமாக இருக்கிறது" என்றான். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சனி இரவு வந்து ஞாயிறு இரவு பஸ் ஏறிவிடுவார். பக்கத்தில் உட்காருபவனைத் தினமும் அவன் அப்பா வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். அன்றைக்கு சிலேட்டு அழியவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் செய்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. கோபமோ பயமோ தெரியும் முகப் படங்களைக் காட்டி, அந்த உணர்வுக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அப்படிப் பெயர் சொன்னபோது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு தணிந்தது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. சிறுவர்களிடமும் அப்படியே நடக்கும் என்று அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். என் வகுப்பில் கண்டதோடு அது ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: காலைக் கயிறு

சன்னலோரம் ஒரு கயிறு கட்டுங்கள். நான்கு படங்கள்: வெயில், மேகம், மழை, இடி. பிள்ளைகளின் பெயர் எழுதிய அட்டைகள், துணி மாட்டும் கிளிப்புகள். வந்ததும் தன் அட்டையை எந்தப் படத்தின் கீழ் வேண்டுமானாலும் மாட்டலாம். காலை உணவு சாப்பிட்ட பிறகு மாட்டச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் எல்லோருக்கும் இடிதான்.

முதல் வாரம் ஒரு சிக்கல் வரும். வகுப்பில் செல்வாக்குள்ள ஒருவன் எங்கே மாட்டுகிறானோ அங்கேயே அத்தனை அட்டையும் போய்ச் சேரும். அட்டைகளின் பெயர்ப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டச் சொல்லிவிட்டால் இது தானாகச் சரியாகும்.

இடியில் மாட்டியவனை எல்லோர் முன்னிலையிலும் 'ஏன்?' என்று கேட்காதீர்கள். வீட்டுப்பாடம் பார்க்கும் சாக்கில் பக்கத்தில் போய், "இன்றைக்கு இடியா?" என்று மட்டும் கேளுங்கள். சொன்னால் சொல்லட்டும். இன்னொன்று: மாதக்கணக்கில் ஒரு நாள் தவறாமல் வெயிலிலேயே மாட்டும் பிள்ளையையும் கவனியுங்கள்.

ஆறாம் படி: ஆறும் வழி

சொல் வந்துவிட்டது, ஆனால் உடம்பு இன்னும் கொதிக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையிடம் 'ஆழ்ந்து சுவாசி' என்றால் தோளைத் தூக்கிக் கண்ணை உருட்டும். "கையில் சூடான கஞ்சிக் கிண்ணம் இருக்கிறது. மோந்து பார். இப்போது ஊதி ஆற்று, கஞ்சி சிந்தாமல்" என்று சொல்லுங்கள். மெதுவாக ஊதுவது எப்படி என்று அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். ஐந்து முறை ஊதினால் போதும்.

இரண்டாவது ஆமை. கோபம் வந்தால் கையையும் காலையும் ஒடுக்கித் தலையைத் தாழ்த்தி ஓட்டுக்குள் போய்விடுவது, ஆறியதும் தலையை நீட்டுவது. 1970களில் அமெரிக்க வகுப்பறைகளில் இப்படி ஓர் ஆமைப் பயிற்சியை உருவாக்கினார்கள், இன்றும் பல நாடுகளில் அது பாலர் வகுப்புகளில் இருக்கிறது. நமக்கு ஆமையை வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டிய அவசியமில்லை. 'ஒருமையுள் ஆமைபோல்' என்று தொடங்கும் 126ஆம் குறள் கையிலேயே இருக்கிறது. குறளை ஒப்பிக்கச் சொல்லாமல் நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் இவற்றைப் பழக்க வேண்டும். சண்டை நடுவில் புதிதாகக் கற்றுக்கொடுக்க முயன்றால் அடி உங்கள்மேல் விழும். மூலையில் ஒரு பழைய பாய், ஒரு துணிப் பொம்மை வைத்தால் 'ஆறும் இடம்' தயார். ஒரே ஒரு விதி: அங்கே யாரையும் அனுப்பாதீர்கள், பிள்ளையே போக வேண்டும். நீங்கள் அனுப்பிய அன்றே அது தண்டனை மூலை ஆகிவிடும்.

ஏழாம் படி: சண்டை

இனித்தான் குழாயடி. அந்த அரை நிமிடத் தீர்ப்புக்குப் பதில் ஐந்து நிமிடம். இருவரையும் உட்காரவையுங்கள், நீங்களும் தரையில் உட்காருங்கள். நிற்கும் ஆசிரியர் நீதிபதியாகத்தான் தெரிவார். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"என்ன நடந்தது, நீ சொல். இவன் பேசும்போது நீ கேட்க வேண்டும், உன் முறை வரும்."

"என் தண்ணீர் பாட்டிலை இவன் பிடுங்கினான், டீச்சர்."

"அப்போது உடம்பில் எங்கே என்ன செய்தது?"

"கை... இறுகிவிட்டது."

"அதற்குப் பெயர்?"

"ஆத்திரம்."

"இப்போது நீ."

"நான் பிடுங்கவில்லை. கீழே விழுந்தது, எடுத்தேன். இவன் அடித்துவிட்டான்."

"அடிபட்டபோது?"

"ரோஷம், டீச்சர்."

"இவனுக்கு ஆத்திரம் ஏன் வந்தது என்று நினைக்கிறாய்?"

கடைசிக் கேள்விக்குப் பதில் உடனே வராது. மௌனமாக இருங்கள். அந்த மௌனத்தை நிரப்பத்தான் நம் நாக்கு துடிக்கும்.

'ஸாரி சொல்' என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கேட்டு வாங்கிய ஸாரிக்கு மதிப்பில்லை என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களிடம் சொந்தமாக ஒரு முறை இருக்கிறது: காய் விடுவது, பழம் விடுவது. காய் விட்டவர்கள் எப்போது பழம் விடுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள், சாட்சியும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். "பழம் விடத் தயாரா, இல்லை இன்னும் கொஞ்ச நேரம் காயா?" என்று கேட்டு விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அடுத்த மணி அடிப்பதற்குள் பழம் ஆகியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிறம், சாதி, உடல் குறைபாடு, வீட்டு வறுமை இவற்றைச் சொல்லி இகழ்ந்தால் அது சண்டை இல்லை. இரண்டு பக்கமும் கேட்டுச் சமரசம் செய்வதற்கு அதில் எதுவும் கிடையாது. 'கறுப்பி' என்று கேட்டு அழும் பிள்ளையிடம் கஞ்சி ஊதச் சொல்வது அநியாயம். அவள் அழுகை சரியான அழுகை, அவள் கோபம் சரியான கோபம். "அப்படிச் சொன்னது தவறு, இந்த வகுப்பில் அதற்கு இடமில்லை" என்று அப்போதே, எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள். சொன்னவனைத் தனியே பிறகு கவனிக்கலாம்.

எட்டாம் படி: கதையும் விளையாட்டும்

இதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பாட்டி வடை சுட்ட காக்கா கதையைச் சொல்லி, வடை கீழே விழும் இடத்தில் நிறுத்துங்கள். காகத்துக்கு இப்போது என்ன? ஏமாற்றமா, வெட்கமா, ஆத்திரமா? பாட்டிக்கு? கடைசியில் 'நீதி' சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், நீதி சொன்னதும் பேச்சு நின்றுவிடும். தோற்பதைப் பழக்கக் குலை குலையா முந்திரிக்காய் போதும். அவுட் ஆனவன் முகத்தைச் சுளித்தால் கேலி செய்யாமல், அந்தச் சுளிப்புக்குப் பெயர் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: வீடும் தலைமை ஆசிரியரும்

'ஆம்பிளைப் பிள்ளை அழலாமா' என்பது பள்ளிக்கு வெளியே பிள்ளை தினமும் கேட்கும் பாடம். பெற்றோர் கூட்டத்தில் அதற்கு எதிராகச் சொற்பொழிவு ஆற்றாதீர்கள், ஒட்டாது. அந்த வாரச் சொல்லை மட்டும் வீட்டுக்கு அனுப்புங்கள். "உங்களுக்கு எப்போது ஏக்கம் வந்தது என்று அம்மாவிடம், அப்பாவிடம், பாட்டியிடம் கேட்டு வா." இந்த ஒரு வீட்டுப்பாடத்துக்கு மட்டும் நோட்டு தேவையில்லை. மறுநாள் வரும் கதைகளைக் கேட்க நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியர் கேட்பார்: எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல் முடியவில்லையே, இதற்கெல்லாம் நேரம் ஏது? நியாயமான கேள்வி. 2011இல் இப்படி உணர்வைக் கற்பிக்கும் 213 பள்ளித் திட்டங்களையும் அவற்றில் இருந்த 2,70,000க்கும் மேற்பட்ட மாணவர்களையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளியானது. நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை படிப்பில் பதினோரு இடம் முன்னேறுகிற அளவுக்கு அதில் வித்தியாசம் தெரிந்தது. அவை பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகள், அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். என்னுடைய பதில் இன்னும் எளிது: குழாயடி வழக்குகளில் போய்க்கொண்டிருந்த நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

பத்தாம் படி: நம் கை எட்டாத இடம்

பேசப் பழகிய பிள்ளைகள் பேசுவார்கள். ஒரு நாள் நாம் எதிர்பாராத ஒன்றைச் சொல்வார்கள். யாரோ தொட்டது, வீட்டில் அடிப்பது, இரவில் பயம். அப்போது துருவித் துருவிக் கேட்காதீர்கள், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "சொன்னது நல்லது. உன்மேல் தவறில்லை" என்று சொல்லி, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதிவையுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். பள்ளியின் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் சுவரில் எழுதிவையுங்கள், தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்குள் வேண்டாம்.

ஆண்டு முடிவில்

மதிப்பெண் போடாதீர்கள். 'கோபக் கட்டுப்பாடு: பி கிரேடு' என்று எழுதினால் மறுநாளே கயிற்றில் எல்லா அட்டையும் வெயிலுக்குப் போய்விடும். முதல் படியில் எழுதிய நோட்டை எடுத்து, அதே போல இன்னும் இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். அழுகை குறைந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது, உங்களிடம் வராமலே எத்தனை முடிகிறது, பிள்ளை என்ன சொல் சொல்கிறது என்று பாருங்கள்.

பிறகு அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு வரி வீதம் ஒரு தாள். வீட்டு ரகசியங்கள் வேண்டாம், எதற்குக் கலங்கும், எப்படி ஆறும் என்பது மட்டும். சென்ற ஏப்ரலில் நான் எழுதிக் கொடுத்தவற்றில் இரண்டு:

"கோபம் வந்தால் காது சுடும், பொத்திக்கொள்வாள். கையை எடுத்துவிட வேண்டாம், அவளே எடுப்பாள்."

"திங்கட்கிழமை காலையில் இவனைக் கரும்பலகை துடைக்கச் சொல்லுங்கள்."